ஒயர்க் கூடையும் ஓர் இலக்கண ஆசிரியரும்

தஞ்சையில் குளிர் என்பது மார்கழி விடியற்காலைகளில் எட்டிப் பார்த்துவிட்டு, வாசற்கோலம் காய்வதற்குள் விடைபெற்றுக்கொள்ளும் விருந்தாளி. கம்பளிச் சட்டை இங்கே உதகைக்கோ கொடைக்கானலுக்கோ புறப்படுகிறவர்களின் பெட்டிக்குள் மட்டும் காணக் கிடைப்பது. ஆகவே இரண்டு ஊசிகளையும் ஒரு நூலுருண்டையையும் மடியில் வைத்துக்கொண்டு பின்னல் வேலையில் ஆழ்ந்திருக்கும் மூதாட்டியை நாம் மேனாட்டுப் புதினங்களில் கண்டிருக்கிறோமேயன்றிக் காவிரிப் படுகையின் திண்ணைகளில் கண்டதில்லை. நம் திண்ணைகளில் பின்னப்பட்டது வேறு. அது ஒயர்க் கூடை.

அக்கூடையை அறியாத தமிழ் வீடு இராது. சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் அது போய் வந்தது. நடவு வயலுக்குத் தூக்குவாளியைச் சுமந்து சென்றது. கோயிலுக்குத் தேங்காய் பழத்தையும், மருத்துவமனைக்குப் பிளாஸ்க்கையும், சம்பந்தி வீட்டுக்குப் பலகாரத்தையும் கொண்டு சேர்த்தது. நகரப் பேருந்தின் சன்னல் வழியே உள்ளே எறியப்பட்டு, உரியவர் முண்டியடித்து ஏறி வரும்வரை இருக்கையைக் காத்துக் கிடந்தது. இத்தனை ஊழியம் புரிந்த ஒரு பொருளைக் குறித்து, கல்லூரியில் தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தது ஒரு புயல்.

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியும் முன்பே கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. நாம் தஞ்சை நகரில் இருந்தோம். நம் அம்மா பட்டுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், நாம் பிறந்த வீட்டில், தனியே இருந்தார். அப்பகுதியை அறியாதவர்களுக்கு ஒரு சொல். தஞ்சை என்றாலே நெல் என்று பலரும் நினைப்பர். ஆனால் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்கள் பழைய காவிரிப் பாசனத்துக்கு எட்டாத மேட்டு நிலங்கள். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டதும், அத்திட்டத்தின் பகுதியாகவே வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயும்தாம் அந்த மண்ணுக்குத் தண்ணீரைக் கொண்டுவந்தன. மக்கள் இன்றும் அக்கால்வாயைப் புது ஆறு என்றே அழைக்கிறார்கள். நெல்லோடு தென்னையும் அங்கே வாழ்வாயிற்று. பெண்ணின் திருமணமும் பிள்ளையின் படிப்பும் தேங்காய் விலையைப் பார்த்து முடிவு செய்யப்பட்டன. நம் முதுகலைப் படிப்பும் அவ்வாறு முடிவு செய்யப்பட்டதே.

அப்பா 1980களில் நட்ட தோப்பு அது. வரிசைக்கு ஏழாகப் பன்னிரண்டு வரிசை, எண்பத்து நான்கு மரங்கள். சாலையெங்கும் மரங்களும் மின்கம்பங்களும் வீழ்ந்து கிடந்தமையால் மூன்றாம் நாள்தான் ஊர் போய்ச் சேர முடிந்தது. வீட்டின் முன்கூரையில் ஓடுகள் பறந்திருந்தன. அம்மாவுக்கு ஊறு ஒன்றும் இல்லை. தோப்பில் ஒன்பது மரங்கள் நின்றன. இதை நாம் போய்ப் பார்த்து வந்து அறிந்தோம். அம்மா போய்ப் பார்க்கவில்லை. வீட்டின் பின்வாசலைத் திறந்தால் தோப்பு. அவர் பின்வாசலைத் திறக்கவே இல்லை. நாம் எண்ணிக்கையைச் சொல்ல வாயெடுத்தபோது, "சோறு திங்கிறியா தம்பி?" என்றார். அவ்வளவே.

கல்லூரிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மின்சாரம் இல்லை. கைபேசி அடங்கிவிட்டது. தோப்பைத் துப்புரவாக்க மரம் அறுப்போர் வரவேண்டும். அவர்களோ ஊருக்கு ஊர் அழைக்கப்பட்டு ஓயாது அலைந்துகொண்டிருந்தார்கள். செய்வதற்கு மலையளவு வேலை கிடந்தும், கையால் செய்யக்கூடியது ஒன்றுமில்லாத விசித்திரமான நிலை அது. நாம் திண்ணைக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தோம். படித்தவனுக்கு இத்தகைய நேரத்தில் பேச மட்டுமே தெரியும். அம்மாவிடமோ பேச்சு எடுபடவில்லை.

ஐந்தாம் நாள் மதியம் அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து இரண்டு ஒயர்க் கட்டுகளை எடுத்தார். ஒன்று பச்சை, மற்றது மஞ்சள். அவ்வாண்டு தீபாவளிக்குச் சில நாள் முன்பு பட்டுக்கோட்டைக் கடைத்தெருவில் வாங்கியவை. திண்ணையில் சுவரோடு சாய்ந்து, கால்களை நீட்டி அமர்ந்தார். "சும்மா நடந்துக்கிட்டே இருக்காம இந்த ஒயரைப் புடிச்சு அளந்து குடு. ஒன்னொன்னும் ஆறு மொழம்" என்றார். நாம் அமர்ந்தோம். நாற்பதைத் தொட்ட வயதில், நம் முதல் கூடை அவ்வாறு தொடங்கிற்று.

கூடை பின்னுவதன் அமைப்பு மிக எளிது. அடிப்பாகத்துக்கென ஒயரைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொள்ள வேண்டும். நம் கூடைக்கு நெடுக்கில் இருபத்தொரு முடிச்சு, குறுக்கில் ஒன்பது. எனவே இருபத்தொரு துண்டுகளும் அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் ஒன்பது துண்டுகளும் வேண்டும். ஒன்றையொன்று சந்திக்கும் இடந்தோறும் ஒரு முடிச்சு. அடிப்பாகம் முடிந்ததும் நான்கு பக்கமும் ஒயர் முனைகள் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றை மேல்நோக்கி மடக்கி, நறுக்காத நீண்ட ஒயர் ஒன்றை அவற்றைச் சுற்றி ஓடவிட்டு, தொங்கும் ஒவ்வொரு முனையோடும் ஒரு முடிச்சு இட்டுக்கொண்டே போனால் சுவர் எழும்பும். போதிய உயரம் வந்ததும் மிஞ்சிய முனைகளை உட்புறமாக முடிச்சுகளுக்குள் செருகி நறுக்கிவிட்டு, இரண்டு கைப்பிடிகள் சுற்றினால் கூடை.

முடிச்சுதான் கலை. ஓர் ஒயர் வளைந்து கண்ணாகி நிற்க, மற்றது அதனைச் சுற்றி வந்து கண்ணுக்குள் நுழைய வேண்டும். பிறகு நான்கு முனைகளையும் சேர்த்து இறுக்கினால் பொத்தான் போன்ற ஒரு சதுரம் கிடைக்கும். சொல்வதற்கு இரண்டு வாக்கியம். கையோ அரை மணி நேரம் மறுத்தது. பதினொரு முடிச்சு போட்டோம். அவற்றுள் ஒன்பதை அம்மா அவிழ்த்தார். ஒன்று கல்லாக இறுகியிருந்தது, அடுத்தது தளர்ந்து வாய் பிளந்திருந்தது. "இழுக்காத தம்பி. ஒயரு என்ன மாடா? நாலு முனையும் ஒன்னாப் போவணும். ஒன்னை மட்டும் இழுத்தீனா மத்தது கோவிச்சுக்கிட்டுச் சாஞ்சுக்கும்" என்றார். புயலுக்குப் பின் அவர் பேசிய முதல் நீண்ட பேச்சு அது.

தெருவில் போன சித்தப்பா நின்று பார்த்தார். "என்ன வாத்தியாரே, கூடை முடைய எறங்கிட்டீங்க?" என்று கேலி செய்தார். நாம் எழுந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்ததை மறைப்பதற்கில்லை. அம்மா தலை நிமிராமலே, "அவன் அஞ்சு முடிச்சு போட்டுட்டான். நீ ஒன்னு போட்டுக் காட்டு" என்றார். சித்தப்பா சிரித்துவிட்டுத் திண்ணையில் குந்தினார். கேலி அதோடு முடிந்தது. மறுநாள் அவர் மனைவியும் தம் வீட்டிலிருந்த அரைகுறைக் கூடையோடு வந்து சேர்ந்தார்.

இங்கே கம்பளிப் பின்னலை நினைவுகூர வேண்டியிருக்கிறது. பல்லாண்டுகளுக்கு முன் உதகையில் நடந்த புத்தொளிப் பயிற்சி ஒன்றில், உடன் பயின்ற பேராசிரியை ஒருவர் மாலைதோறும் தம் பேரனுக்குச் சட்டை பின்னிக்கொண்டிருப்பார். யாரேனும் அழைத்தால், "இந்த வரிசை முடியட்டும்" என்பார். காரணம் கேட்டபோது விளக்கினார். கம்பளிப் பின்னலில் முடிச்சே இல்லை. உள்ளது கண்ணி. ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணியை இழுத்து, அதற்குள் அதற்கடுத்ததை இழுத்து, ஒரே இழை ஆடை முழுவதும் ஓடுகிறது. ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவினால் அதன் கீழுள்ளதும், அதற்குக் கீழுள்ளதும் ஏணிப்படியாக அவிழ்ந்துகொண்டே போகும். அந்த நெகிழ்ச்சியே அதன் அருமையும் ஆகும். பிழை நேர்ந்தால் இழையைப் பற்றி இழுத்தால் போதும், வேண்டிய இடம்வரை அவிழ்த்துக்கொண்டு மீண்டும் தொடங்கலாம். ஒருவருக்குச் சிறிதாகிப்போன சட்டையைப் பிரித்து, அதே நூலால் மற்றொருவருக்குப் பின்னித் தரவும் முடியும்.

பின்னல் என்றால் குளிர்நாட்டுக் கலை என்று நாம் நினைத்திருந்ததும் முற்றும் சரியன்று. உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய பின்னல் துணிகளுள் எகிப்தில் கிடைத்த பருத்திக் காலுறைகள் அடங்கும். அது பாலைவெயில் நாடு. நம் காவிரியில் வந்து கலக்கும் நொய்யலின் கரையிலுள்ள திருப்பூரோ, எந்திரத்தால் பின்னிய பருத்திச் சட்டைகளை உலகெங்கும் அனுப்புகிறது. நாம் வீட்டில் அணியும் பனியன் ஒவ்வொன்றும் கண்ணிக்குள் கண்ணி கோத்த பின்னலே. இன்னொரு செய்தியும் உண்டு. ஆங்கிலத்தில் இந்தக் கலையைக் குறிக்கும் நிட் என்னும் சொல், முடிச்சைக் குறிக்கும் நாட் என்னும் சொல்லோடு ஒரே வேரிலிருந்து கிளைத்தது. முடிச்சற்ற கலைக்கு முடிச்சின் பெயர் வாய்த்திருக்கிறது. முடிச்சாலேயே ஆன கலை நம் திண்ணையில் இருந்தது.

அந்த வேறுபாட்டின் பொருள் திண்ணையில்தான் நமக்கு விளங்கிற்று. அம்மாவின் வேலை ஓயாமல் தடைபட்டது. அரிசி வண்டி வந்திருக்கிறது என்று யாரோ கூவினால் எழுந்து போவார். மரங்களைக் கணக்கெடுக்க வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போவார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா தம் தோப்பைப் பார்த்துவிட்டு வந்து அழுதால், கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் போய் அவரைப் பிடித்துக்கொள்வார். முடிச்சின் நடுவே எழுந்தாலும் இழப்பு ஒரு முடிச்சே. அதற்கு முன் போட்டவை போட்டபடி நிற்கும். ஒரு நாள் கழித்து வந்தாலும், ஓராண்டு கழித்து வந்தாலும் விட்ட இடம் அங்கேயே காத்திருக்கும். ஒயர்க் கூடை என்பது இடையறும் வாழ்க்கைக்கென்றே அமைந்த கலை. உலை கொதிக்கும், குழந்தை அழும், மாடு கத்தும், விருந்தாளி வருவார் என்று தெரிந்த பெண்கள், எவ்விடத்தில் விட்டாலும் அவிழாத ஒன்றைத் தங்கள் கைக்குரியதாக்கிக்கொண்டதில் வியப்பென்ன?

தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகை, தொடர்நிலை என நான்காக வகுக்கும். தனித்து நின்று பொருள் முடிவது முத்தகம். அவை போல்வன பல ஓரிடத்தில் திரட்டி வைக்கப்படின் தொகை. ஒன்றிலிருந்து ஒன்று தொடர்ந்து செல்வது தொடர்நிலை. ஆண்டுதோறும் இதைக் கரும்பலகையில் எழுதி, மாணவர்களை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். கம்பளிச் சட்டை தொடர்நிலை என்பதும், ஒயர்க் கூடை முத்தகங்களால் ஆன தொகை என்பதும் அத்திண்ணையில்தான் கையில் உறைத்தன.

உறைத்தது அது ஒன்று மட்டுமன்று. யாப்பு என்றால் கட்டுதல். தொடை என்றால் தொடுத்தல். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று காரிகை வழியாக நாம் ஒப்பிக்கும் ஆறு உறுப்புகளுள் இரண்டு கட்டுவோர் கையிலிருந்தும் தொடுப்போர் கையிலிருந்தும் வந்தவை. பனுவல் என்ற சொல் இன்று நூலைக் குறிக்கிறது. புறநானூற்றின் 125ஆம் பாட்டிலோ அது பருத்திப் பெண்டின் கையிலுள்ள பஞ்சு. நன்னூலார் நூல் என்ற பெயருக்குக் காரணம் சொல்லும்போது, சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகம் செய்தார். உருவகத்தை நாம் விளக்கியிருக்கிறோம். நூற்றவளைப் பற்றி ஒரு சொல்லும் கூறியதில்லை.

கால்டுவெல்லையும் அவ்வாறே கற்பித்திருக்கிறோம். 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைப் பற்றி இரண்டு வகுப்பு பேசுவோம். அவருடைய மனைவி எலிசா, நாகர்கோவிலில் 1820களில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்பித்த மார்த்தா மால்ட்டின் மகள் என்பதும், 1844இல் மணமாகி இடையன்குடி வந்த அவர் தாயிடம் கற்ற அக்கலையை அவ்வூர்ப் பெண்களுக்கு வருவாய் தரும் தொழிலாக்கினார் என்பதும் நம் குறிப்பேட்டில் இடம்பெற்றதில்லை. ஒரே வீட்டில் ஒருவர் வேர்ச்சொற்களை எண்ணிக்கொண்டிருக்க, மற்றவர் இழைகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். முதலாவது எண்ணிக்கை மட்டுமே நம் பாடத்திட்டத்துக்குள் வந்தது. பிறர் வீட்டைச் சொல்வானேன்? நம் வீட்டில் அம்மா ஐம்பதாண்டுகளாகக் கூடை பின்னுகிறார். அதைக் கற்க ஒரு புயல் வேண்டியிருந்தது.

ஒன்பதாம் நாள் அடிப்பாகம் முடிந்தது. நூற்றெண்பத்தொன்பது முடிச்சுகள். அவற்றுள் நம்முடையவை எவை என்பதைக் குருடரும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவர். அம்மா அதைத் தரையில் விரித்து, நான்கு மூலைகளையும் விரலால் அழுத்திப் பார்த்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து, "வா, கொல்லைக்குப் போயிட்டு வருவோம்" என்று பின்வாசல் தாழ்ப்பாளை நீக்கினார்.

வரிசை வரிசையாகவே நடந்தார். வீழ்ந்த மரத்தின் வேர்க்கட்டைகளைச் சுற்றிக்கொண்டு, ஒரு வரிசையின் ஏழு இடங்களையும் கடந்த பின்னரே அடுத்த வரிசைக்குத் திரும்பினார். சில மரங்களை அவர் தனித்தனியே அறிந்திருந்தார். இது இளநீருக்கு விட்டது, இது உன் அக்கா கல்யாணத்துக்குக் குலை வெட்டியது, இது இரண்டு முறை வண்டு விழுந்து பிழைத்தது என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். அழவில்லை. கடைசி வரிசையின் கோடியில், வாய்க்கால் ஓரத்து மூலையில் ஒரு மரம் மட்டைகள் முறிந்து, ஆனால் நிமிர்ந்து நின்றது. அதன்மேல் கை வைத்துக்கொண்டு, "மூலை நிக்குது தம்பி. மூலை நின்னுச்சுன்னா மேல ஏத்திக்கலாம்" என்றார். கூடையைச் சொன்னாரா தோப்பைச் சொன்னாரா என்று நாம் கேட்கவில்லை.

அன்று மாலை சுவர் எழுப்பத் தொடங்கினோம். சுற்றுக்கு அறுபது முடிச்சு. பதினான்கு சுற்று வரும் என்பது அம்மாவின் கணக்கு. பதினோராம் சுற்றிலேயே ஒரு பக்கத்து முனைகள் தீர்ந்துபோயின. மறுபக்கத்து முனைகள் இன்னும் ஒரு சாண் தொங்கிக்கொண்டிருந்தன. அம்மா திகைத்தார். பிறகு நம் கையையும் தம் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்தப் பத்து நாளில் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். முதல் நாள் பாதித் துண்டுகளை நாம் அளந்தோம். நாம் சலித்து எழுந்தபின் மீதியை அவர் அளந்திருந்தார். ஆறு முழம் என்பது இருவர் கணக்கிலும் ஆறு முழம்தான். முழங்கள்தாம் வேறு. "நெட்டை ஒயரைப் பாத்து என்ன பண்றது? கூடையோட ஒசரம் குட்டை ஒயரு கையிலல்ல இருக்கு" என்று சொல்லி, நம் நீளக் கையின் மிச்சங்களையெல்லாம் நறுக்கித் தள்ளினார். கூடை பதினொரு சுற்றில் நின்றது.

தெருவுக்கு மின்சாரம் வர நான்கு வாரம் ஆயிற்று. அதற்குள் நம் திண்ணையில் ஐந்து கூடைகள் முடிந்திருந்தன. தோப்பு ஒழுங்காக இன்னும் பல மாதம் பிடித்தது. 2019 மழைக்கு முன் நெட்டையும் குட்டையுமாக எழுபது கன்றுகள் நட்டோம். குட்டைகள் முன்னரே காய்க்கத் தொடங்கின. நெட்டைகளும் ஒவ்வொன்றாகப் பாளை விட்டு வருகின்றன. மூலை மரம் நிற்கிறது.

அந்தக் குட்டைக் கூடை இன்று நம்முடன் கல்லூரிக்கு வருகிறது. மதிய உணவும் விடைத்தாள் கட்டும் அதில் போகும். முதல் நாள் மாணவர்கள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் ஒரு மாணவி, தம் பாட்டி சிவன் கண் கூடை போடுவார் என்றார். மற்றொருவர் வீட்டில் நெல்லிக்காய் முடிச்சுக் கூடை இருந்தது. யாப்பு நடத்தும் நாளில் இப்போது நாம் நான்கு துண்டு ஒயர் எடுத்துச் செல்கிறோம். முடிச்சு போட்டுக் காட்டியபோது ஒரு மாணவர், "ஐயா, தளை தட்டுதல்னா முடிச்சு தளர்ந்து போறதுதானா?" என்று கேட்டார். அவ்வளவு தெளிவாக நாம் ஒரு வகுப்பிலும் அதை விளக்கியதில்லை.

இக்கூடை பிளாஸ்டிக் அன்றோ என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், பிளாஸ்டிக்தான். அதற்கு முன் மூங்கிலும் பனையோலையும் பிரம்பும் இருந்தன; கொள்ளிடம் அருகே தைக்காலில் சாலையோரம் இன்றும் பிரம்புக் கூடைகளைக் காணலாம். ஆனால் 2019 சனவரி முதல் நாளில் தமிழகத்தில் தடை செய்யப்பட்டது ஒருமுறை பயன்படுத்தி எறியும் பை. இதுவோ ஒருமுறை பின்னினால் ஆண்டுக்கணக்கில் உழைப்பது. அம்மா நம் பள்ளி நாள்களில் பின்னிய கூடை ஒன்று இன்னமும் வெங்காயம் தாங்கி அடுக்களையில் தொங்குகிறது. எறிய மனம் வராத பொருளே சிறந்த பை என்பது நம் கருத்து.

கற்க விழைவோர்க்குப் பிழைகளால் அறிந்த சிலவற்றைச் சொல்லி அமைவோம். முதல் கூடைக்கு இரண்டு வண்ணம் வாங்குங்கள். நறுக்கும் துண்டுகள் ஒரு வண்ணமாகவும், சுற்றி ஓடும் ஒயர் வேறு வண்ணமாகவும் இருந்தால், எது எதற்குள் நுழைய வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும். கட்டைப் பிரித்துச் சற்றுநேரம் வெயிலில் போடுங்கள். சுருள் தளர்ந்து கைக்கு இணங்கும். அடிப்பாகத்தை ஒற்றைப்படையாக வையுங்கள். அப்போதுதான் நடு என்று ஒன்று இருக்கும், கைப்பிடிக்கும் இடம் அமையும். சிவன் கண்ணுக்கும் நெல்லிக்காய்க்கும் அவசரப்படாதீர்கள். சாதா முடிச்சு சீராக வரட்டும். முதல் மூன்று வரிசையை அவிழ்க்க நேரும் என்று முன்கூட்டியே மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். கம்பளி போல ஓர் இழுப்பில் அவிழாது; ஒவ்வொரு முடிச்சாகத்தான் அவிழ்க்க வேண்டும். அதுவும் பயிற்சியே. அளப்பவர் ஒருவராகவே இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே அமர்வில் முடிக்க நினைக்காதீர்கள். எழுந்து போகவேண்டி வந்தால் போங்கள். அது அவிழாது.

அம்மாவின் விரல் மூட்டுகள் இப்போது வீங்கிவிட்டன. இறுக்குவதற்கு வலுப் போதவில்லை. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் டிரங்குப் பெட்டியின் மேல் ஓர் அரைகுறைக் கூடை இருக்கும். அவர் வளைத்துக் கோத்து வைத்த முடிச்சுகள் தளர்வாக நிற்கும். நாம் திண்ணையில் சுவரோடு சாய்ந்து, கால் நீட்டி அமர்ந்து, நான்கு முனைகளையும் ஒன்றாகப் பற்றி ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே வருவோம். அருகே அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். "இழுக்காத தம்பி" என்று இப்போதும் சொல்வார்.